லிண்டன் மரத்தின் புதிய இலைகள் கிண்ணம்போல் குவிகின்றன: பூச்சியா, நோயா?

கேள்வி (எடிசன்வாசி)

நியூ ஜெர்சி மாநிலத்தின் எடிசனில் வசிக்கிறோம். வீட்டின் முன்புறப் புல்வெளியில் ஏறத்தாழ இருபத்தைந்து அடி உயரத்தில் ‘சிறிய இலை லிண்டன்’ வகை மரம் ஒன்று நிற்கிறது. மே மாதக் கடைசியிலிருந்து அதன் புதிய இலைகள் மேல்நோக்கிக் குவிந்து, தடித்து, நரம்புகள் நெருங்கி வளர்கின்றன. சில காம்புகள் முறுக்கிக்கொண்டிருக்கின்றன. முதலில் விரிந்த இலைகளில் குறை எதுவும் தெரியவில்லை. மரத்தடியில் நிறுத்தும் காரின் கண்ணாடியில் தினமும் பிசுபிசுப்பு படிகிறது. இமிடாகுளோபிரிட் என்னும் பூச்சிக்கொல்லி மருந்தைத் தண்ணீரில் கலந்து வேரில் ஊற்றினால் சரியாகிவிடும் என்று பென்சில்வேனியாவில் இருக்கும் என் மைத்துனர் சொல்கிறார். மரத்தில் மொட்டுகள் வந்துவிட்டன. மருந்தை ஊற்றலாமா?

மறுமொழி (மாடித்தோட்டம்)

பிசுபிசுப்பு இருப்பதால் இது அசுவினியாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் மிளகாய்ச் செடிகளில் இலை சுருண்டபோது வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தோம், கட்டுப்பட்டது. நீங்களும் அதையே முயலலாம்.

மறுமொழி (வேளாண் பட்டதாரி)

பிசுபிசுப்புக்குக் காரணம் அசுவினி என்பதை ஏற்கிறேன். இலைகளின் அடிப்புறத்தைப் பார்த்தால் உடலில் கறுப்புக் கோடுகள் கொண்ட மஞ்சள் நிறப் பூச்சிகள் தென்படும். அவை வெளியேற்றும் இனிப்புத் திரவமே காரில் விழுகிறது, நாள்பட்டால் அதன்மேல் கரும்பூசணமும் படரும். ஆனால் மிளகாயை வைத்து லிண்டனை முடிவு செய்ய இயலாது. லிண்டன் அசுவினி சாற்றை உறிஞ்சினாலும் இலையை இந்த அளவுக்கு உருக்குலைப்பதில்லை. ஆகவே உங்கள் மரத்தில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன என்றே கருதுகிறேன்.

இலைச்சுருட்டுப் புழுவாக இருந்தால் இலை குழாய்போல் சுருண்டு, நூலால் பிணைக்கப்பட்டு, உள்ளே புழுவோ அதன் கழிவோ இருக்கும். கண்ணுக்குத் தெரியாத எரியோபிட் வகைச் சிலந்திப் பேன்களாக இருந்தால் இலையின் ஓரம் மட்டும் மெல்லியதாகச் சுருளும், அல்லது மேற்பரப்பில் ஆணி முனைபோன்ற சிவந்த முடிச்சுகள் எழும். அதற்கு மருந்தே தேவையில்லை. 1916-இல் உங்கள் மாநிலத்தின் ரிவர்டனில்தான் அமெரிக்காவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஜப்பானிய வண்டுக்கு லிண்டன் மிகவும் பிடித்த உணவு என்றாலும், அது நரம்புகளை விட்டுவிட்டு இடைப்பட்ட பகுதியைத் தின்று இலையைச் சல்லடையாக்கும்; பெரும்பாலும் ஜூன் பிற்பகுதியில்தான் வெளிவரும். தண்ணீர் போதாவிட்டால் இலையின் விளிம்பு பழுப்பாகிக் கருகும்.

நீங்கள் விவரிப்பது இவை எதனுடனும் பொருந்தவில்லை. இரண்டு விவரங்கள் தேவை. ஏப்ரல் அல்லது மே மாதத்தில் புல்வெளிக்குக் களைக்கொல்லி இடப்பட்டதா? அருகிலுள்ள தக்காளி, திராட்சை, அவரை போன்றவற்றின் குருத்துகள் எப்படி இருக்கின்றன?

இமிடாகுளோபிரிடைத் தயவுசெய்து ஊற்ற வேண்டாம். லிண்டன் பூக்களில் தேனீக்கள் மொய்க்கும். 2013 ஜூன் மாதத்தில் ஓரிகன் மாநிலத்தின் வில்சன்வில்லில், அசுவினியைக் கட்டுப்படுத்துவதற்காகப் பூத்திருந்த லிண்டன் மரங்களுக்கு அதே மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த டைனோடெஃபுரான் தெளிக்கப்பட்டதால், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பம்பிள் தேனீக்கள் மடிந்தன. அதன் பிறகு ஓரிகனில் லிண்டன் மரங்களுக்கு இமிடாகுளோபிரிட் உள்ளிட்ட நான்கு மருந்துகள் தடை செய்யப்பட்டன. நியூ ஜெர்சியிலும் இவ்வகை மருந்துகளை வீட்டுத் தோட்டங்களில் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 2022-இல் கையெழுத்தானது. மைத்துனரின் ஊரில் கடையில் கிடைக்கிறது என்பதற்காக அதை வாங்கிவருவது உகந்ததல்ல. இருபத்தைந்து அடி மரம் முழுவதற்கும் வேப்பெண்ணெய் தெளிப்பதும் நடைமுறைக்கு ஒத்துவராது.

கேட்டவரின் பதில்

ஒரு புல்வெளிப் பராமரிப்பு நிறுவனம் மே தொடக்கத்தில் வந்து உரத்துடன் கலந்த களைக்கொல்லிக் குருணையை மரத்தின் அடி வரை தூவிச் சென்றது. ரசீதில் 2,4-டி, மெகோப்ராப், டைகாம்பா என்று மூன்று பெயர்கள் உள்ளன. தக்காளிப் பாத்தி மரத்திலிருந்து பத்தடி தொலைவில், புல்வெளியை ஒட்டி இருக்கிறது; அதன் குருத்துகளும் முறுக்கிக்கொண்டு, இலைகள் குறுகி நீண்டிருக்கின்றன. லிண்டனில் எல்லாப் பக்கக் கிளைகளிலும் சேதம் ஒரே அளவாக இருக்கிறது. புழுவோ நூலோ இல்லை.

மறுமொழி (வேளாண் பட்டதாரி)

அப்படியானால் களைக்கொல்லிப் பாதிப்பு என்பதே ஏறத்தாழ உறுதி. தக்காளியையும் லிண்டனையும் ஒரே காலத்தில் ஒரே மாதிரி முறுக்கும் பூச்சி எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. நெல்லுக்கு 2,4-டி அடிக்கும்போது காற்றில் அது பக்கத்து வயலுக்குப் போய், பருத்தி இலைகள் விரல்விரலாகக் குறுகுவதை நம் ஊர் விவசாயிகள் கண்டிருப்பார்கள். இதுவும் அதே வகைதான். இம்மருந்துகள் தாவரத்தின் வளர்ச்சி ஊக்கியான ஆக்சினைப் போலச் செயல்பட்டு, வளரும் நுனியின் ஒழுங்கைக் குலைக்கின்றன; முதிர்ந்த இலைகள் தப்பியதற்கும் அதுவே காரணம். காற்றில் வந்திருந்தால் பெரும்பாலும் ஒரு பக்கமே கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருக்கும். எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இருப்பதால், மண்ணில் எளிதில் இறங்கும் டைகாம்பாவை, புல்லுக்கு அடியில் பரவியிருக்கும் லிண்டனின் வேர்கள் உறிஞ்சியிருக்க வேண்டும்.

இதற்கு மாற்று மருந்து கிடையாது. குவிந்த இலைகள் மீண்டும் விரியா, ஆனாலும் அவற்றைப் பறிக்க வேண்டாம். மரத்துக்கு உணவு தயாரிப்பவை அவையே. மழை பெய்யாத வாரங்களில் கிளைகள் பரவியுள்ள பரப்பு முழுவதும் ஓர் அங்குல மழைக்கு ஈடாக மெதுவாக நீர் பாய்ச்சுங்கள். மரத்தூள் மூடாக்கை இரண்டு மூன்று அங்குல உயரத்துக்கு, அடிமரத்தைத் தொடாமல் பரப்புங்கள். தழைச்சத்து உரம் இந்த ஆண்டு வேண்டாம், பலவீனமான நேரத்தில் அது மரத்தைக் கட்டாயப்படுத்தி வளர்க்கும். கிளை வெட்டுவதை அடுத்த வசந்தம் வரை ஒத்திவையுங்கள். எது காய்ந்தது, எது பிழைத்தது என்பது அப்போதுதான் தெரியும். ஒரே முறை ஏற்பட்ட பாதிப்பிலிருந்து, மற்றபடி நலமாக உள்ள மரம் பெரும்பாலும் தேறிவிடும். ஆண்டுதோறும் தொடர்ந்தால்தான் ஆபத்து.

அசுவினிக்கு, கைக்கெட்டும் கிளைகளில் குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சினால் போதும். மீதியைப் பொறிவண்டுகள் பார்த்துக்கொள்ளும். காரை வேறிடத்தில் நிறுத்துவதுதான் இதில் மிகச் சிறந்த மருந்து.

கேட்டவரின் பதில்

நன்றி. வெட்டிய புல்லைத் தக்காளிக்கு மூடாக்காக இட்டுவந்தோம். அதையும் நிறுத்த வேண்டுமா? அந்தத் தக்காளியைச் சாப்பிடலாமா?

மறுமொழி (வேளாண் பட்டதாரி)

உடனே நிறுத்திவிட்டு, இட்ட புல்லையும் அகற்றிவிடுங்கள்; தக்காளிக்கு மருந்து அந்த வழியாகவே சென்றிருக்கக்கூடும். அந்தப் புல்லை மக்குக் குழியிலும் போடாதீர்கள். பாதிக்கப்பட்ட செடிகளின் பழங்களை உண்ண வேண்டாம் என்பதே பொதுவான பரிந்துரை. நானாக இருந்தால் அவற்றைப் பிடுங்கிவிட்டு வேறு தொட்டியில், புதிய மண்ணில் நாற்று வைப்பேன். நிறுவனத்திடம் மருந்தின் முழுப்பெயர், ஈ.பி.ஏ. (அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை) பதிவு எண், இட்ட தேதி ஆகியவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். மரத்தைச் சுற்றி, கிளை விளிம்பையும் தாண்டிச் சில அடிகள் வரை, இனி அகன்ற இலைக் களைக்கொல்லி இடக்கூடாது என்பதை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். இன்னும் ஐயமிருந்தால், பழைய இலையும் புதிய இலையும் சேர்ந்த ஒரு சிறு கிளையைப் படங்களுடன் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் தாவர நோயறிதல் ஆய்வகத்துக்கு அனுப்பலாம், அதற்குக் கட்டணம் உண்டு. மருந்து எச்சத்தை அளக்கும் சோதனை வேறு வகை, செலவும் அதிகம். இழப்பீடு கேட்கும் எண்ணம் இருந்தால் மட்டும் அதைப் பற்றி யோசியுங்கள்.