கேலரியே பள்ளிக்கு வந்தால்: ஒரு ஓவிய ஆசிரியையின் அனுபவம்

பள்ளிப் பிள்ளைகளை ஓவியக் கேலரிக்குக் கூட்டிப்போனதை ஆசிரியர்கள் பலரும் எழுதியிருக்கிறார்கள், எங்களுக்கு நடந்தது தலைகீழ்: கேலரியே பள்ளிக்கு வந்தது. வடசென்னையில் அரசு உதவி பெறும் பள்ளி எங்களுடையது. நகரத்துக் கேலரி ஒன்று சென்னை ஓவியர்களின் படங்களைப் பிரதியெடுத்து ஃபோம் போர்டில் ஒட்டிப் பள்ளி பள்ளியாக அனுப்புகிறது. கட்டணம் கிடையாது, வேன் வாடகை மட்டும் நம்முடையது.

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று எங்கள் தலைமையாசிரியர் சொல்லிவிட்டதால் வராந்தா ஜன்னல் கம்பிகளில் சணல் கட்டித் தொங்கவிட்டோம். கேலரியிலிருந்து வந்த தம்பி ஒவ்வொன்றையும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் கண் மட்டத்துக்கு இறக்கினார், பெரியவர்கள் குனிந்து பார்த்துக்கொள்ளட்டும் என்றார். எனக்கு அது பிடித்திருந்தது.

சென்னை ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1960களில் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையிலிருந்து ஒரு படம் இருந்தது. கட்டங்கள், பொடிப்பொடியாக எழுத்து மாதிரி ஏதோ, நடுவில் உருவங்கள். இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பார்த்த மாத்திரத்தில் "மிஸ், இது ஜாதகம்!" என்று கத்தினான். அவன் தாத்தா ஜோசியம் பார்ப்பவராம். பக்கத்தில் நின்ற பெண், இல்லை, கணக்கு நோட்டு என்றாள். ஜாதகக் கட்டமும் கணக்குக் குறியீடும் இரண்டுமே அந்த வரிசைக்குள் உண்டு, ஆகவே இருவருமே சரி. "படிக்க முடியாதுன்னா எதுக்கு எழுதினாரு?" என்று இன்னொருத்தன் கேட்டதற்கு, அந்தத் தம்பி கையிலிருந்த விளக்கத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "நீ என்ன நினைக்கிற?" என்று திருப்பிக் கேட்டார். அதற்கப்புறம் ஒரு பீரியட் முழுக்க அந்த ஒரு படத்தின் முன்னாலேயே போய்விட்டது. வரிசையில் நிற்க வைத்து எல்லாப் படத்தையும் காட்டி முடிக்க வேண்டும் என்பதில் எனக்கு இப்போதெல்லாம் நம்பிக்கை இல்லை.

"படம் வரைஞ்சா சோறு கிடைக்குமா மிஸ்?" என்ற கேள்வியும் வந்தது, வராமல் இருக்குமா! பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணி மாதிரிக் கைவினைப் பொருட்களை விற்றுத்தான் வீட்டையும் ஓவியத்தையும் நடத்தினார்கள் என்று சொன்னேன். என் பேச்சில் அவர்கள் நிஜமாகக் காது கொடுத்தது இந்த இடத்தில்தான்.

பிரதிகளில் ஒரு குறை இருக்கிறது. எல்லாப் படமும் ஒரே அளவுக்கு வந்துவிடுகிறது, வர்ணம் எவ்வளவு தடிமனாகப் பூசப்பட்டிருக்கிறது என்பதும் தெரியாது. "இது நிஜமா, ஜெராக்ஸா?" என்று ஒரு குட்டிப் பயல் கேட்டே விட்டான். அதனால் முடிந்தால் பிறகு சோழமண்டலம் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை கூட்டிப்போங்கள். பஸ்ஸுக்கு வழியில்லாவிட்டால் மெரினா உழைப்பாளர் சிலை இருக்கிறது: 1959ல் வைத்தது, செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, எழும்பூர் ஓவியக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர். சுற்றி நடந்து பார்க்கச் சொல்லுங்கள், நாலு பேரில் யார் அதிகம் தள்ளுகிறார் என்று பெரிய சண்டையே வரும்.

இந்தப் படங்களை உங்கள் பள்ளிக்குக் கேட்பதாக இருந்தால் ஐப்பசி, கார்த்திகையைத் தவிருங்கள், சாரல் அடித்தால் போர்டு உப்பிவிடும். பெட்டியைத் திறந்ததும் ஒவ்வொரு போர்டின் மூலையையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு வரும்போதே இரண்டு நசுங்கியிருந்தன.