திபெத்து சுத்து சுத்தி வாந்தி எடுத்த கதை

அருமனை தேன்காரன்:

எனக்கு வயசு 51. பிழைப்பு தேன்பெட்டி. ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விடுற மாசி பங்குனில காலத்த தொடங்கி இருட்டுற வரைக்கும் குனிஞ்ச குனிப்புதான். (ரப்பர் தேன் பூவுலருந்து வருதுன்னு வெளியூர்க்காரங்க நினைக்கிறாங்க. இளந்தளிர் காம்புலதான் அது ஊறும்.) இந்த வருஷம் சீசன் முடிஞ்சப்போ முதுகு பலகையா இறுகிப் போச்சு. எழும்பினதும் கட்டில் சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் இருந்தாத்தான் நிமிரவே முடியும்.

அப்பதான் துபாயில இருக்கிற மச்சினன் ஒரு வீடியோ அனுப்பினான். திபெத்து லாமாக்கள் செய்யிற அஞ்சு பயிற்சியாம், ஒவ்வொண்ணும் 21 தடவையாம், கிழவனும் குமரனாயிடுவானாம். செலவு இல்லாத காரியம்தானேன்னு மொட்டை மாடியில பாயை விரிச்சேன்.

முதல் பயிற்சி சுத்துறது. ரெண்டு கையையும் தோள் மட்டத்துக்கு நீட்டிக்கிட்டு வலச்சுத்தா சுத்தணும், அதாவது வலது கை பின்னால போற மாதிரி. சின்னப் பிள்ளைல தட்டாமாலை சுத்தினவன்தானேன்னு ஒரே மூச்சுல 21 சுத்தினேன். நின்னேன். உலகம் நிக்கல. எதிர்வீட்டுத் தென்னை, தண்ணி டேங்க், கொடியில கிடந்த வேட்டி எல்லாம் இடமா ஓடுது. கொடியைப் பிடிச்சேன், அது அறுந்து நனைஞ்ச துணியோட நானும் கீழ. குடிச்ச சாயா அப்படியே வெளிய வந்துட்டு. வீட்டுக்காரி ஓடி வந்து பார்த்துட்டு, "தேன் எடுக்கிற டிரம்முல அடைச் சட்டத்தை வச்சு சுத்துவியளே, அதே மாதிரி உமக்க உள்ள இருக்கிறது வெளிய வந்துட்டு"ன்னா. அவ சொன்னதுல தப்பில்ல.

காதுக்குள்ள இருக்கிற குழாய்கள்ல ஒரு நீர் இருக்கு. நாம நின்ன பொறவும் அது கொஞ்ச நேரம் ஓடிக்கிட்டே இருக்கும், அதான் கிறுகிறுப்பு. இது பொறவு படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது. வீடியோக்காரன் சொல்லாம விட்ட இன்னொரு சங்கதியும் அப்பதான் தெரிஞ்சுது: முதல் வாரம் மூணே மூணு தடவைதான். பொறவு வாரத்துக்கு ரெண்டு கூட்டி, பத்தாவது வாரத்துலதான் 21. அடுத்த நாள்லருந்து மூணுல தொடங்கினேன். சுத்தி முடிச்சதும் ரெண்டு கையையும் நெஞ்சுக்கு நேரா கூப்பி பெருவிரல் நகத்தையே உத்துப் பார்ப்பேன். ஓடுற தென்னை சீக்கிரம் நின்னுடும்.

மத்த நாலுல பெரிய வம்பு இல்ல. ரெண்டாவது மல்லாக்கப் படுத்து, தாடையை நெஞ்சோட சேர்த்து, ரெண்டு காலையும் செங்குத்தா தூக்குறது. மூணாவது முட்டி போட்டு நின்னு பின்னால வளையிறது. நாலாவது உட்கார்ந்த நிலையிலருந்து உடம்பை மேசை மாதிரி தூக்குறது. எனக்கு உசிரு வந்தது அஞ்சாவதுலதான். கையும் காலும் தரையில ஊணி, ஒரு தடவை பாம்பு மாதிரி நெஞ்சை நிமிர்த்தி, அடுத்த தடவை இடுப்பை வானத்துக்குத் தூக்குறது. குதிகால் பின் நரம்பு சுண்டி இழுக்கும் பாருங்க, அந்த இழுப்பு அப்படியே முதுகு வரைக்கும் ஏறும். சூரிய நமஸ்காரம் செய்யிறவங்களுக்கு இது புதுசில்ல. ஆறாவதுன்னு ஒண்ணும் உண்டு, அது பிரம்மச்சாரிகளுக்காம். எனக்கு ரெண்டு பிள்ளை, அதனால விட்டுட்டேன்.

திபெத்து கதையையும் கிண்டிப் பார்த்தேன். இது வெளிய வந்தது 1939-ல, அமெரிக்காவுல, பீட்டர் கெல்டர்ங்கிறவர் போட்ட ஒரு சின்னப் புத்தகத்துல. வயசான ஒரு பிரிட்டிஷ் கர்னல் இமயமலை மடத்துக்குப் போய் இதைப் படிச்சு, நரைச்ச முடி கறுத்து இளமையாத் திரும்பி வந்தாராம். அப்படி ஒரு கர்னல் இருந்ததுக்கே ஆதாரம் கிடையாது. திபெத்தியர்களுக்குன்னு ட்ருல்கோர்னு ஒரு யோகமுறை நிஜமாவே உண்டு, ஆனா அது மூச்சை அடக்கிச் செய்யிறது, குரு பக்கத்துல இருந்து சொல்லித் தர்றது. இந்த அஞ்சும் அதுலருந்து வந்ததுன்னு யாரும் நிரூபிக்கல.

எனக்கு முடி கறுக்கல, தொப்பை அப்படியே இருக்கு. ஆனா ஏழாவது வாரம் ஒரு நாள் காலத்த எழும்பி, கட்டில் சட்டத்தைப் பிடிக்காம நேரா நடந்து போய் பல்லு தேய்ச்சேன். பாதி தேய்ச்ச பொறவுதான் அது எனக்கே உறைச்சுது.

குலசேகரம் தையல்காரி:

அண்ணா, நானும் இதைப் பண்ணிப் பார்த்தவதான், ஆனா எனக்கு எதிர் அனுபவம். பிரஷர் மாத்திரை சாப்பிடுறேன். நாலாவது நாள் அந்த இடுப்பைத் தூக்குற பயிற்சியில தலை கீழ தொங்கும்போது கண்ணு முன்னால மின்மினி பறந்துச்சு. டாக்டர்கிட்ட சொன்னதுக்கு, "யாரைக் கேட்டு ஆரம்பிச்ச?"ன்னு நல்லா வாங்கிக் கட்டினேன். சுத்துறதும் தலையைக் கீழ விடுறதும் கூடவே கூடாதுன்னுட்டார். இப்ப ரெண்டாவது மட்டும்தான், அதுவும் தலையைத் தூக்காம, ஒத்தைக் காலா. பகல் முழுக்க மிஷின் மிதிச்சு கழுத்து ஏற்கெனவே புண்ணாக் கிடக்கு, அதுல தாடையைக் கொண்டு நெஞ்சுல வேற இடிக்கணுமா? மாத்திரை சாப்பிடுறவங்க கேட்டுட்டு தொடங்குங்க.

தக்கலை பேரன்:

எங்க தாத்தா அடிமுறைங்கிற தற்காப்புக் கலையில ஆசான். களரியில இந்தப் பாம்பு நெளிவையெல்லாம் நாங்க எட்டு வயசுல செஞ்சோம், அப்ப ஒரு பயலும் வீடியோ எடுக்க வரல. அதையே திபெத்துன்னு சொன்னா மாடியில பாய் விரிக்கிறீங்க. கோவமா சொல்லல அண்ணே, கொஞ்சம் வயித்தெரிச்சல். எண்ணெய் போட்டு முதுகை ஒரு தடவை உழிஞ்சு பாருங்க.

அருமனை தேன்காரன்:

தங்கச்சி, நீங்க சொன்னதை நான் மேலயே எழுதியிருக்கணும். எனக்கு பிரஷர் இல்ல, அதனால தோணல. எனக்க மச்சினனுக்கு இருக்கு, இன்னைக்கே அவனுக்கு போன் போடுறேன்.

தம்பி, உழிச்சலுக்கும் போனேன். மூணு நாள் சொகமா இருந்துச்சு, நாலாவது நாள் பெட்டியைத் தூக்கினதும் பழைய குருடி கதவைத் திறடிதான். உங்க தாத்தா மாதிரி ஒரு ஆசான் பக்கத்துல இருந்தா அவர்கிட்டயே போயிருப்பேன், எனக்கு வாய்ச்சது மச்சினனும் போனும்தான்.

இப்ப மத்த நாலும் 21-க்கு வந்தாச்சு. சுத்துறதை மட்டும் 13-லயே நிறுத்தி வச்சிருக்கேன், அதுக்கு மேல போனா தென்னை ஓடத் தொடங்குது. மாசில பெட்டி திறக்கணும். முதுகு தாங்குச்சா இல்லையான்னு பங்குனி கடைசில வந்து எழுதுறேன்.