கைரல் = கைவாகு? (மருந்து மூலக்கூறு, நுண்துளைப் பொருள்)

நண்பர்களுக்கு வணக்கம்.

'கைரல்' (chiral) என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்பதே கேள்வி. இடக்கையும் வலக்கையும்போல, தன் ஆடி உருவோடு ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தாததே கைரல். இதுவரை வந்த பரிந்துரைகளில் 'கைம்மை'யை முதலில் ஒதுக்கிவிடலாம். கணவனை இழந்த நிலைக்கு வழங்கும் சொல்லை வேதியியலுக்குள் இழுக்க வேண்டாம். 'சீர்மையின்மை'யும் சரிவராது. டார்டாரிக் அமிலத்தின் கைரல் வடிவங்களுக்குச் சுழற்சி அச்சு உண்டு; அதைச் சுற்றி அரைவட்டம் திருப்பினாலும் உரு மாறாது. சீர்மை இருந்தும் அவை கைரல்தான்.

'வலஞ்சுழி, இடஞ்சுழி' நல்ல சொற்கள். ஆனால் அவை மூலக்கூறு ஒளியைத் திருப்பும் பக்கத்தைச் சொல்பவை, அணுக்களின் அடுக்கை அல்ல. அணுக்களின் அடுக்கை வைத்து இரு வடிவங்களுக்கும் ஆர், எஸ் என்று பெயரிடுவார்கள். இபுபுரூஃபன் மருந்தில் வலியைத் தணிப்பது எஸ் வடிவம். எஸ் என்பது இலத்தீனில் 'இடம்' என்பதன் முதலெழுத்து; அதே வடிவம் ஒளியைத் திருப்புவதோ வலப்பக்கம்! இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் மாணவர் பாடு திண்டாட்டம்தான்.

என் முன்மொழிவு 'கைவாகு'. உடல்வாகு நமக்குப் பழகிய சொல். இயற்பியலாளர் கெல்வின் பிரபுவும் கிரேக்கத்தின் 'கை'யிலிருந்துதான் 'கைரல்' என்ற சொல்லை ஆக்கினார். கைவாகுள்ள, கைவாகற்ற என்று இரு பக்கமும் வளைகிறது. எஸ் இபுபுரூஃபன் இனி 'இடக்கைவாகு, வலஞ்சுழி'; குழப்பமில்லை.

மூலக்கூறுகளுக்கு மட்டுமல்லாமல், மூலக்கூறுகள் நுழையும் அளவுக்கு நுண்துளைகள் உள்ள பொருள்களுக்கும் இச்சொல் பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள். பொருந்தும். ஆடி எதிருருக்கள், அதாவது ஒன்றுக்கொன்று ஆடி உருவான வடிவங்கள், இரண்டுக்கும் கொதிநிலை ஒன்று, கரைதிறன் ஒன்று. கைவாகற்ற துளைக்குள் இரண்டும் ஒரேபோல்தான் ஒட்டும். துளைச்சுவரே கைவாகுள்ளதாக இருந்தால்தான் ஒன்று சுவரோடு நன்கு பொருந்தித் தங்கும், மற்றது முந்திக்கொண்டு வெளியேறும். 2000-இல் தென்கொரியாவில் கிமூன் கிம் குழுவினர் துத்தநாகத்தோடு சேர்த்துக் கட்டிய போஸ்ட்-1 என்ற நுண்துளைப் பொருள் இவ்வகைதான். உலோக அணுக்களைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்துக் கட்டும் இத்தகையவை உலோக-கரிமச் சட்டகங்கள். போஸ்ட்-1-இன் கரிம இணைப்பான் டார்டாரிக் அமிலத்திலிருந்து வந்தது. 1848-இல் பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர் இடுக்கியால் பொறுக்கிப் பிரித்த படிகங்களும் அதே அமிலத்தின் உப்புகளே.

எத்தாம்பியூட்டால் போன்ற மருந்தில் இரு வடிவங்களையும் இப்படிப் பிரிப்பது கட்டாயம். காசநோயை அடக்குவது ஒரு வடிவம் மட்டுமே. கருவிலிருந்த குழந்தைகளைப் பாதித்த தாலிடோமைடு மருந்தைப் பிரித்துப் பயனில்லை, உடலுக்குள் போனதும் ஒன்று மற்றொன்றாக மாறிவிடும்.

ஆக, 'கைவாகுள்ள உலோக-கரிமச் சட்டகம்'. இரு வடிவங்களும் சரிபாதியாக உள்ள கலவைக்குப் பாடநூலின் 'சுழிமாய்க் கலவை' இருக்கட்டும். ஒரு வடிவத்தை மட்டும் பிடிக்கும் திறனுக்கு 'எதிருருத் தேர்திறன்' என்கிறேன். நீளம்தான், சுருக்க வழியிருந்தால் சொல்லுங்கள்.