அவசர உதவி: பிச்சிர் மீன்களின் விலாவில் சிவந்த வட்டங்கள்

வேளச்சேரி_தொட்டி:
அனைவருக்கும் வணக்கம். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரமுள்ள புதிய தொட்டியில் பிச்சிர் (ஆப்பிரிக்க நன்னீர் மீன் வகை) மீன்களை விட்டிருக்கிறேன். நேற்று முதல் எதையும் உண்ணாமல், அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போகின்றன. இன்று காலை ஒன்றின் விலாவில் சிவந்த வட்டங்களைப் பார்த்தேன். எந்த மருந்தைப் போட வேண்டும்? விற்ற கடைக்காரர் தொலைபேசியை எடுக்கவில்லை.

கொளத்தூர்_வாடிக்கை:
எந்த வகைப் பிச்சிர், எத்தனை மீன்கள், தொட்டியை நிரப்பி எத்தனை நாள் ஆயிற்று, மெட்ரோ தண்ணீரா போர் தண்ணீரா, வடிகட்டி என்ன, அமோனியா (மீன் கழிவிலிருந்து நீரில் சேரும் நச்சு) அளவு என்ன? செனகல் வகை வீட்டுத் தொட்டியில் ஏறத்தாழ ஓர் அடியோடு நின்றுவிடும். எண்ட்லிக்கெரி 2 அடியைத் தொடும். இது தெரியாமல் யாரும் மருந்து சொல்ல முடியாது.

மணல்மேடு:
தொட்டியின் அடியில் என்ன பரப்பியிருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஆற்று மணல் எளிதில் கிடைக்காததால் பலர் கட்டுமானத்துக்கு வரும் எம்-சாண்டையே அலசிப் போட்டுவிடுகிறார்கள். அது பாறையை உடைத்துச் செய்வது. துகள்களின் விளிம்பு கூராக இருக்கும். நாள் முழுவதும் தரையில் வயிறு பட ஊர்ந்து திரியும் மீனுக்கு அதைவிடக் கெடுதலானது வேறில்லை. என் கணிப்பு இதுதான்.

நன்னீர்_மூத்தவர்:
தம்பி, பிச்சிர் மேலே வந்து காற்றை விழுங்குவது நோயல்ல. அதற்கு இரண்டு நுரையீரல்கள் உண்டு, தலையின் உச்சியிலுள்ள இரு துளைகள் வழியாகவும் அது காற்றை இழுக்கும். இந்த அரிச்சுவடியைக்கூடப் படிக்காமல் ஆறடித் தொட்டி வாங்கத் துணிகிறவர்களுக்கு எத்தனை முறைதான் விளக்குவது? புதிய தொட்டி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அமோனியா ஏறியிருக்கிறது; வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

வேளச்சேரி_தொட்டி:
இரண்டு செனகல், ஒரு எண்ட்லிக்கெரி. போர் தண்ணீர். நிரப்பி ஒரு வாரம் ஆகிறது. அடியில் எம்-சாண்ட்தான். தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் வடிகட்டி ஓடுகிறது. அமோனியாவை அளக்கும் டெஸ்ட் கிட் என்னிடம் இல்லை. மருந்தின் பெயரைச் சொன்னால் மாலையில் வாங்கிவிடுவேன்.

கொளத்தூர்_வாடிக்கை:
மருந்துக்கு முன் டெஸ்ட் கிட்டை வாங்குங்கள். வடிகட்டியில் அமோனியாவை நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா குடியேற 4 முதல் 6 வாரங்கள் ஆகும்; ஒரு வாரத் தொட்டியில் அது தொடங்கியிருந்தாலே பெரிது. மேலும், போர் தண்ணீரின் பி.எச். பெரும்பாலும் 7-க்கு மேலேயே இருக்கும். பி.எச். 7-லிருந்து 8-க்கு உயர்ந்தால், அமோனியாவில் மீனைக் கொல்லும் நச்சுப் பகுதி ஏறத்தாழ 10 மடங்காகிவிடும் என்பதால், நம் ஊரில் குறைந்த அளவு அமோனியாவும் ஆபத்தானதே. உங்கள் தொட்டி விளிம்புவரை 680 லிட்டர் கொள்ளும். இன்றே மூன்றில் ஒரு பங்கை, அதே வெப்பநிலையிலுள்ள நீரால் மாற்றுங்கள்.

ஸம்ப்_விரும்பி:
காற்று மோட்டார் போட்டிருக்கிறீர்களா?

நன்னீர்_மூத்தவர்:
நுரையீரலுள்ள மீனுக்குக் காற்று மோட்டார் வீண் செலவு. மூடிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே சில அங்குல இடைவெளி விட்டால் போதும்.

ஸம்ப்_விரும்பி:
ஐயா, இடைவெளி தேவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. மேலே வர வழியில்லாவிட்டால் பிச்சிர் நீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துவிடக்கூடும். ஆனால் மீனுக்கு நுரையீரல் உண்டு, வடிகட்டியிலுள்ள பாக்டீரியாவுக்கு இல்லையே. அமோனியாவை மாற்றுவதற்கு அதற்கு ஆக்சிஜன் வேண்டும். சூடான நீரிலோ ஆக்சிஜன் குறைவாகவே கரையும். சித்திரை வெயிலில் நம் வீட்டுத் தொட்டிகள் 30 பாகையைத் தாண்டுவது தாங்கள் அறியாததா?

நன்னீர்_மூத்தவர்:
நீங்கள் பிறப்பதற்கு முன்பே நான் மீன் வளர்த்தவன். கேனிஸ்டரின் வெளியேற்றுக் குழாயை நீர்மட்டத்துக்கு மேலே வைத்தாலே போதுமான ஆக்சிஜன் கிடைக்கும்.

ஸம்ப்_விரும்பி:
அப்படியானால் ஆக்சிஜன் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறீர்கள். அவர் குழாயை எங்கே வைத்திருக்கிறார் என்பது நம் இருவருக்குமே தெரியாது.

இரவுக்காவல்:
மோட்டாரைப் பிறகு பேசலாம். சிவந்த வட்டங்கள் என்று எழுதியவரிடம் அந்த வட்டத்தைப் பற்றி யாருமே கேட்கவில்லை. அமோனியாவின் பாதிப்பு செவுளிலும் துடுப்பு ஓரங்களிலும் தெரியுமே தவிர, கவராயம் வைத்து வரைந்ததுபோல் விலாவில் வட்டமாக விழாது. எம்-சாண்ட் உராய்ந்திருந்தால் காயம் வயிற்றில், கோடுகோடாக இருக்கும். உடம்பில் நூல் போன்ற நுண்புழுக்கள் நெளிகின்றனவா என்று டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். காட்டிலிருந்து பிடித்துவரும் பிச்சிர்களில் அவ்வகை ஒட்டுண்ணி உண்டு. கூடவே வேறு மீன் இருக்கிறதா?

வேளச்சேரி_தொட்டி:
புழு எதுவும் தெரியவில்லை. வட்டங்கள் பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுச் சிறியவை; முன்துடுப்புக்குப் பின்னால் இருக்கின்றன. வேறு மீன் கிடையாது, பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக்கும் டேங்க் கிளீனர் மட்டும்தான்.

மணல்மேடு:
டேங்க் கிளீனர் மீன் இல்லாமல் பின் என்னவாம்!

இரவுக்காவல்:
அதுதான் காரணமாக இருக்கக்கூடும். புதிய தொட்டியில் பாசியே இருக்காது. பசித்த டேங்க் கிளீனர், அசையாமல் தரையில் படுத்துக் கிடக்கும் மீனின் மேல் இரவில் ஒட்டிக்கொண்டு வழவழப்புப் படலத்தை உறிஞ்சும். விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்துச் சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச்சால் பாருங்கள். பார்க்கும்வரை காத்திருக்காமல் அதை வேறிடத்துக்கு மாற்றிவிடுவது இன்னும் நல்லது. மருந்து எதையும் இப்போது போடாதீர்கள். சில மருந்துகள் வடிகட்டியின் பாக்டீரியாவையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

நன்னீர்_மூத்தவர்:
பிச்சிரின் செதில்கள் எலும்பு போல் கெட்டியானவை. டேங்க் கிளீனரால் அதைத் துளைக்க முடியாது.

இரவுக்காவல்:
துளைக்கிறது என்று நான் சொல்லவில்லை ஐயா. செதிலின் மேலுள்ள படலம் போனாலே தோல் சிவக்கும், பிறகு கிருமி புகும்.

வேளச்சேரி_தொட்டி:
கிளீனரைத் தண்ணீர் டிரம்முக்கு மாற்றினேன். விளக்கணைத்த பிறகு இறால் போட்டேன். செனகல் இரண்டும் உண்டன, எண்ட்லிக்கெரி இன்னும் உண்ணவில்லை. வட்டங்கள் வெளிறி வருகின்றன. நன்றி. கிளீனரை வேளச்சேரி ஏரியில் விட்டுவிடலாமா?

கொளத்தூர்_வாடிக்கை:
எக்காரணத்தாலும் விடாதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்த மீன் ஏற்கெனவே நம் நீர்நிலைகளில் பெருகி, வலைகளைக் கிழித்து மீனவர்களைப் பாடாய்ப் படுத்துகிறது. கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். எண்ட்லிக்கெரி உண்ணாததற்கு நீரே காரணமாக இருக்கலாம். அமோனியா எவ்வளவு?

கொளத்தூர்_வாடிக்கை:
நண்பரே, டெஸ்ட் கிட் வாங்கினீர்களா?