விளம்பரத்தில் பெயர்கள் குவிகின்றன, சேர்க்கை மட்டும் நடக்கவில்லை: உதவி தேவை

அட்மிஷன் மேசை:
வணக்கம். கல்லூரிச் சேர்க்கைக்காக மூன்று வாரங்களாகச் சமூக ஊடகத்தில் விளம்பரம் ஓட்டுகிறோம். பெயரும் எண்ணும் நிறைய வருகின்றன. அழைத்தால் பாதிப் பேர் எடுப்பதில்லை, எடுப்பவர்களோ "நான் எங்கும் விண்ணப்பிக்கவில்லையே" என்கிறார்கள். இதுவரை ஒருவர்கூடச் சேரவில்லை. நாளை மறுநாள் முதல்வரிடம் கணக்குக் காட்ட வேண்டும். எதை மாற்றுவது?

வழிப்போக்கன்:
எந்தத் தளம், இளநிலையா முதுநிலையா, எந்த வயதினருக்கு, விவரம் நிரப்புவது உங்கள் இணையதளத்திலா விளம்பரத்துக்குள்ளேயேவா என்று எதையும் சொல்லாமல் மருந்து கேட்கிறீர்களே.

ரீல்ஸ் ராணி:
விளம்பரமே வேண்டாம் என்பேன். விடுதி அறை எப்படி இருக்கும், ஆய்வகத்தில் முதல் நாள் என்ன செய்வார்கள் என்பதை இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரே கைப்பேசியில் எடுத்துப் போடட்டும். நுழைவாயில் படத்தையும் தலைவரின் வாழ்த்தையும் யாரும் நின்று பார்ப்பதில்லை.

பழுத்த அனுபவம்:
இதே கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதுவது? மலிவாக வருகிறதே என்று, விளம்பரத்துக்குள்ளேயே திறக்கும் உடனடிப் படிவத்தைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அதில் பெயரும் எண்ணும் பயனரின் கணக்கிலிருந்து தாமாகவே நிரம்பிவிடும். விரல் இரண்டு முறை பட்டால் போதும், அவர் 'விண்ணப்பதாரர்' ஆகிவிடுவார். கணக்கில் கிடப்பது என்றோ விட்டுப்போன எண்ணாகவும் இருக்கலாம். படிவ வகையை 'அதிக எண்ணிக்கை' என்பதிலிருந்து 'அதிக ஆர்வம்' என்பதற்கு மாற்றினால், அனுப்பும் முன் சரிபார்க்கச் சொல்லும் ஒரு திரை கூடுதலாக வரும். அடிப்படையைக் கற்றுக்கொண்டு பணத்தில் கை வைப்பது நல்லது.

அட்மிஷன் மேசை:
மன்னிக்கவும். இன்ஸ்டாகிராம், இளநிலை, விளம்பரத்துக்குள்ளேயே படிவம். வயது 17 முதல் 20. விளம்பரம் யாருக்குக் காட்டப்பட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் விருப்பங்களில் 'உயர்கல்வி' என்று கொடுத்திருக்கிறோம்.

வழிப்போக்கன்:
அங்கேயும் ஓர் ஓட்டை இருக்கிறது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை விருப்பங்களை வைத்துக் குறிவைப்பதை, இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா 2021-லேயே நிறுத்திவிட்டது; 2023 பிப்ரவரியில் பாலினத்தையும் எடுத்துவிட்டு, வயது, இடம் ஆகிய இரண்டை மட்டும் விட்டுவைத்தது. எனவே பள்ளி இறுதியாண்டில் இருக்கும் 17 வயதினரிடம் உங்கள் 'உயர்கல்வி' செல்லாது. அவர்களுக்கென விருப்பம் எதுவும் சேர்க்காத தனி விளம்பரத் தொகுப்பு வையுங்கள்.

பெற்றோர் பக்கம்:
பிள்ளைகளையே துரத்துகிறீர்கள்; கட்டணம் கட்டுவது அவர்களா? முடிவெடுக்கும் பெற்றோர் ஃபேஸ்புக்கில் இருக்கிறார்கள். கட்டண விவரத்தையும் வேலைவாய்ப்பு விவரத்தையும் அங்கே போட்டால் அழைப்பு தானாக வரும்.

ரீல்ஸ் ராணி:
பெற்றோர் முடிவெடுத்த காலம் போய்விட்டது. கல்லூரிப் பட்டியலைப் பிள்ளை போடுகிறது. பெற்றோர் அதில் வேண்டாத பெயர்களை அடித்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

பெற்றோர் பக்கம்:
அடிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரே முடிவெடுப்பவர். என் மகள் போட்ட பட்டியலில் முதல் மூன்றை நான்தான் அடித்தேன்.

பழுத்த அனுபவம்:
குடும்ப வழக்கை வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டவர் இன்னும் முக்கியமானதைச் சொல்லவில்லை: பெயர் வந்து எவ்வளவு நேரத்தில் அழைக்கிறீர்கள்?

அட்மிஷன் மேசை:
விளம்பரத்தைப் பார்க்கும் நிறுவனம் திங்கட்கிழமைதோறும் பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பும். அதன் பிறகு அழைப்போம்.

வழிப்போக்கன்:
இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாம். செவ்வாயன்று ரீல்ஸ் பார்த்துக்கொண்டே பொத்தானைத் தொட்டவருக்கு அடுத்த திங்களன்று அழைப்பு வந்தால், அவர் 'நான் விண்ணப்பிக்கவில்லையே' என்பதில் பொய்யே இல்லை, உண்மையிலேயே மறந்திருப்பார். பட்டியலை அன்றன்றே இறக்குங்கள், இல்லையெனில் உங்கள் தரவுத்தளத்தோடு நேரடியாக இணைத்துவிடுங்கள். கூடவே, 'எந்தப் பாடப்பிரிவு, எந்த ஆண்டு சேர விருப்பம்' என்று கையால் நிரப்ப வேண்டிய ஒரு கேள்வியையும் வையுங்கள். வரும் பெயர்கள் குறையும், ஒரு பெயருக்கு ஆகும் செலவு ஏறும். முதல்வரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் விளம்பரம் கெட்டுவிட்டது என்று நிறுத்திவிடுவார்.

பழுத்த அனுபவம்:
நான் சொல்ல வந்ததும் இதுவே.

அட்மிஷன் மேசை (எட்டு நாள்களுக்குப் பின்):
படிவத்தை மாற்றினோம், பட்டியல் இப்போது தினமும் மாலையில் வருகிறது. பெயர்கள் மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிட்டன. நேற்று நால்வர் கல்லூரியைப் பார்க்க வந்தார்கள், மூவர் பெற்றோருடன். நன்றி.

பெற்றோர் பக்கம்:
மூவர் பெற்றோருடன் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்கிறேன்.