மாமா, பட்டியைப் பற்றி ஒரு கேள்வி

குழு: வவுணதீவு வீட்டார்
சனிக்கிழமை

[இரவு 7:12] நான்: குட்டி மாமா இருக்கிறாரா? நானும் தம்பியும் விளையாடும் மைன்கிராஃப்டில் மாடு வளர்ப்பை மாற்றச் சொல்லி, அந்த விளையாட்டைச் செய்யும் மோஜாங் நிறுவனத்துக்கு ஒரு யோசனை எழுதுகிறேன். மாமா பார்த்துச் சொன்ன பிறகுதான் அனுப்புவேன்.

[இரவு 7:14] அம்மா: அந்தப் பெட்டி பெட்டியாக மாடு நிற்கிற விளையாட்டா?

[இரவு 7:14] நான்: ஓம் அம்மா, அதுதான்.

[இரவு 7:21] குட்டி மாமா: சொல்லு மகன். மாடெல்லாம் அடைத்துவிட்டேன், சும்மாதான் இருக்கிறேன்.

[இரவு 7:26] நான்: இப்போது அதில் எப்படி என்றால், இரண்டு மாட்டுக்குக் கோதுமை கொடுத்தால் உடனே கன்று வரும். அது 20 நிமிடத்தில் பெரிய மாடாகிவிடும், விளையாட்டில் ஒரு முழு நாள் அவ்வளவுதான். வாளியோடு போனால் எந்த மாட்டிலும் எத்தனை தடவையும் பால் எடுக்கலாம். வேலிக்குள் அடைத்தால் தின்னாமல் குடிக்காமல் அப்படியே நிற்கும்.

[இரவு 7:27] குட்டி மாமா: கன்று போடாத மாட்டிலுமா பால்?

[இரவு 7:27] நான்: ஓம். நாம்பன், பசு என்ற பிரிவே இல்லை மாமா.

[இரவு 7:31] குட்டி மாமா: அப்போ அது மாடு இல்லை, பால் பைப்பு. கன்றை முதலில் ஊட்ட விட்டால்தான் மாடு பாலை இறக்கும். அதுவும் புல் இருந்தால்தான். ஆவணி வெயிலில் புல் காய்ந்து கிடக்கும்போது வந்து பார், பாதிப் பால்கூட இராது. நான் நாள் முழுக்க அலைவது பாலுக்காக இல்லை மகன், புல்லுக்காக.

[இரவு 7:33] மச்சாள்: அப்பா சொன்னதை அப்படியே எழுது மச்சான். எருமையையும் சேர். விளையாட்டில் எருமையே இல்லை, மட்டக்களப்பில் இருந்துகொண்டு அதைக் கேட்காமல் விடலாமா? எருமைப் பாலில் கொழுப்பு 7 வீதம் அளவில் இருக்கும், பசுப்பாலில் 4 வீதம் அளவுதான். சட்டித் தயிர் கத்தி வைத்து வெட்டுகிற மாதிரி நிற்பது அதனால்தான். மண்சட்டியும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

[இரவு 7:34] மச்சாள்: தண்ணீரும் வேண்டும். எருமைக்கு வியர்வைச் சுரப்பி குறைவு, தோலும் கறுப்பு. குளத்தில் கிடக்காவிட்டால் சூடு தாங்காது.

[இரவு 7:38] நான்: எனக்கும் ஆசைதான் மச்சாள். ஆனால் ஒரு கடிதத்தில் பத்து யோசனையைத் திணித்தால் ஒன்றையும் வாசிக்க மாட்டார்கள். எருமைக்குத் தனியாக எழுதுவோம், அதை நீங்களே எழுதுங்கள். இதில் ஒரே ஒரு மாற்றம்தான் கேட்கப் போகிறேன்.

[இரவு 7:39] அம்மம்மா: 🎤 குரல் பதிவு (0:48)

[இரவு 7:41] அம்மா: போன் சத்தம் கேட்காதவர்களுக்கு: 1978 சூறாவளிக்குப் பிறகு பட்டியில் மிஞ்சினது நாலு மாடுதான், அந்த நாலில் இருந்துதான் தாத்தா திரும்பப் பட்டி கட்டினார் என்கிறா. மாடு வளர்க்கிறது ஒரு நாள் வேலை இல்லை என்று அவங்களுக்கு எழுதட்டாம்.

[இரவு 7:46] நான்: மாமா, நீங்கள் புல் என்றதும் ஒன்று பிடிபட்டது. விளையாட்டில் செம்மறி ஆடு மட்டும் உண்மையிலேயே புல் தின்னும். ரோமம் கத்தரித்தால், அது புல் தின்ற பிறகுதான் திரும்ப வளரும். தின்ற இடம் வெறும் மண்ணாகிவிடும். பக்கத்தில் புல் மிச்சம் இருந்தால் மெல்ல மெல்லப் பரவி வரும், மிச்சமே இல்லை என்றால் வராது. ரோமத்துக்கு இருக்கும் அதே சட்டத்தை மாட்டுப் பாலுக்கும் வைத்தால் என்ன? ஒரு தடவை புல், ஒரு வாளி பால்.

[இரவு 7:52] குட்டி மாமா: அது நல்ல யோசனை. அப்படி வைத்தால் ஒரே வேலிக்குள் நாற்பது மாட்டை அடைக்க ஏலாது. இடம் மாற்றித்தான் ஆக வேண்டும். நாங்கள் செய்வதும் அதுதானே? பெரும்போக நெல் விதைக்க முதல் மாட்டை வட்டையை, அதாவது வயல்வெளியை விட்டு மேலே மேய்ச்சல் தரைக்குக் கொண்டுபோகிறோம், அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் திரும்பக் கொண்டுவந்து, வெட்டின நெல்லின் அடித்தாளான ஒட்டுக்கட்டையில் மேய விடுகிறோம். வயலுக்கும் எரு விழும்.

[இரவு 7:53] நான்: அதைத்தான் நானும் நினைத்தேன் மாமா. போகம், காலம் எதையும் அவர்கள் புதிதாகச் செய்யத் தேவையில்லை. புல் முடிந்தால் விளையாடுகிறவன் தானாக நடப்பான்.

[இரவு 7:55] தம்பி: அண்ணா நான் பள்ளிக்கூடம் போனா மாடு பசியில செத்துடுமா?

[இரவு 7:55] தம்பி: அப்பிடின்னா எனக்கு வேணாம் 😢 எங்கிட்ட 23 மாடு இருக்கு

[இரவு 7:57] நான்: விளையாட்டை மூடி வைத்தால் நேரமே ஓடாது, பயப்படாதே. ஆனால் நீ திறந்து வைத்துக்கொண்டு சுரங்கத்துக்குப் போனால்? அதை நான் யோசிக்கவில்லை.

[இரவு 8:04] குட்டி மாமா: சாக வேண்டாம் மகன். 2022 மார்கழியில் அந்தப் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் எவ்வளவு மாடு விழுந்தது என்று உனக்குத் தெரியும். எங்கட பட்டியில் கன்றுகள்தான் முதலில் போனது. விடிய விடிய நெருப்பு மூட்டியும் காப்பாற்ற முடியவில்லை. சின்னப் பிள்ளைகள் விளையாடுவதில் அது வேண்டாம். புல் இல்லையென்றால் பால் வற்றட்டும். அது போதும், அவனே விளங்கிக்கொள்வான்.

[இரவு 8:05] மச்சாள்: ❤️ அப்பா

[இரவு 8:07] தம்பி: சரி அப்ப ஓகே மாமா

[இரவு 8:10] மச்சாள்: 2025இல் குளிர் இடத்து மாடு, சூடான இடத்து மாடு என்று புது நிறத்தில் விட்டார்கள் இல்லையா? தோற்றம்தான் வேறு, பால் எல்லாவற்றிலும் ஒன்றுதான். அதையும் ஒரு வரி போடு. இடத்தைக் கவனிக்க அவர்களுக்கும் மனம் இருக்கிறது என்று அர்த்தம்.

[இரவு 8:31] நான்: எழுதிவிட்டேன், பாருங்கள்:

"செம்மறி ஆடு புல் தின்றால் ரோமம் வளர்வதுபோல, மாடும் வெள்ளாடும் புல் தின்ற பிறகே மறுபடி பால் தர வேண்டும். புல் கிடைக்காவிட்டால் சாக வேண்டாம், பால் மட்டும் நிற்கட்டும். புல் இல்லாத இடத்தில் வைக்கல் கட்டு வைத்தால் அதையும் தின்னட்டும். 9 கோதுமையில் செய்யும் கட்டு ஏற்கெனவே விளையாட்டில் இருக்கிறது. மாட்டின் தோற்றத்தை இடத்துக்கு ஏற்ப மாற்றிய நீங்கள், அதன் தீனியையும் இடத்தோடு சேர்க்க வேண்டும் என்று கேட்கிறோம். எங்கள் ஊரில் பட்டி வைத்திருப்பவர்கள் வருடத்தில் இரண்டு தடவை மாட்டோடு இடம் மாறுகிறார்கள். உங்கள் உலகம் அவ்வளவு பெரிது, ஆனால் அதில் மாடு வளர்ப்பவன் ஒரு வேலியை விட்டு வெளியே வரக் காரணமே இல்லை."

[இரவு 8:33] அம்மா: கடைசி வரி நல்லாயிருக்கு.

[இரவு 8:36] குட்டி மாமா: எப்படி ஓட்டிக்கொண்டு போவது என்று எழுதவில்லையே?

[இரவு 8:37] நான்: கையில் கோதுமை பிடித்தால் பின்னால் வரும் மாமா, அது இப்பவே இருக்கிறது.

[இரவு 8:40] குட்டி மாமா: நாற்பது மாடு கோதுமைக்கு வராது. முன்னால் போகிற பசு ஒன்று இருக்கும், அதன் கழுத்தில் மணி கட்டினால் மற்றதெல்லாம் சத்தத்துக்குப் பின்னால் வரும். எங்கட வெள்ளைச்சியைப் போல.

[இரவு 8:41] தம்பி: மணி!!! அண்ணா மணி போடு

[இரவு 8:42] நான்: ஒரே ஒரு மாற்றம் என்று சொன்னேனே...

[இரவு 8:49] நான்: சரி, மணியையும் சேர்த்து அனுப்பிவிட்டேன்.

[இரவு 8:52] குட்டி மாமா: வாற வெள்ளிக்கிழமை மாட்டை மேலே கொண்டுபோகிறோம். விடிய நாலரைக்கு வந்தால் வெள்ளைச்சி முன்னால் போவதைப் பார்க்கலாம்.

[இரவு 8:53] நான்: தம்பியையும் கூட்டி வரவா?

[இரவு 8:53] குட்டி மாமா: கூட்டி வா. சப்பாத்துப் போட வேண்டாம், ஆற்றைக் கடக்கவேணும்.