எஃப்எல்வி வீடியோவில் இருந்து ஏயு ஃபைல் எடுத்தால் பழைய ஜாவா புரோகிராமில் சத்தம் வரவில்லை

பழையபெட்டி:
வணக்கம் நண்பர்களே. ஜாவா 1.1 காலத்தில் எழுதிய எழுத்துப் பயிற்சி புரோகிராம் ஒன்று என்னிடம் இருக்கிறது. திரையில் ஒரு எழுத்தைத் தொட்டால் அதன் உச்சரிப்பு கேட்க வேண்டும், ஆனால் அந்த ஒலி ஃபைல்கள் எல்லாம் அழிந்துவிட்டன. உச்சரிப்பு சொன்ன ஆசிரியை இப்போது இல்லை. அவருடைய குரல் சில எஃப்எல்வி (பழைய ஃபிளாஷ் வகை) வீடியோக்களில் மட்டும் மிஞ்சியிருக்கிறது, வேறு யாரையாவது வைத்துப் பதிய எனக்கு மனம் வரவில்லை. புரோகிராம் கேட்பது ஏயு என்ற பழைய வகை ஒலி ஃபைல், அதனால் ஃபைல் பெயரின் கடைசியை ஏயு என்று மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. அப்புறம் ஒரு கன்வெர்ட்டரில் போட்டு எடுத்தேன். அந்த ஏயு சாதாரண பிளேயரில் நன்றாகவே கேட்கிறது, புரோகிராமில் மட்டும் ஊமை, பிழைச் செய்திகூட வரவில்லை. என்ன செய்யலாம்?

அலைவரிசை:
பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. எஃப்எல்வி என்பது வெறும் பெட்டி, அதற்குள் ஒலி பெரும்பாலும் எம்பி3 அல்லது ஏஏசி ஆக இருக்கும். ஏயு-வும் அப்படித்தான், அதற்குள் பல விதமாக ஒலியை வைக்கலாம். உங்கள் கன்வெர்ட்டர் அநேகமாக 44,100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை ஒலி மாதிரிகள்), 16 பிட், ஸ்டீரியோ என்று எழுதியிருக்கும். ஜாவா 1.1-க்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: 8,000 ஹெர்ட்ஸ், மோனோ, 8 பிட் மியூ-லா (ஒலியைச் சுருக்கி எழுதும் ஒரு முறை). மற்ற வகைகள் 1998-இல் வந்த 1.2-இல்தான் சேர்ந்தன. எஃப்எஃப்எம்பெக் (கமாண்ட் அடித்து ஒலி, வீடியோவை மாற்றும் புரோகிராம்) இருந்தால் வீடியோவை விட -விஎன், மோனோவுக்கு -ஏசி 1, மாதிரி வேகத்துக்கு -ஏஆர் 8000, கோடெக்காக (ஒலியை எழுதும் முறையாக) பிசிஎம்_மியூலா, இவ்வளவுதான் வேண்டும். கமாண்ட் பழக்கமில்லை என்றால் ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டரில் எக்ஸ்போர்ட் செய்யும்போது ஹெடர் ஏயு, என்கோடிங் யூ-லா (மியூ-லாவேதான்) என்று தேர்ந்தெடுங்கள்.

ஒலிப்பித்தன்:
சரியாக வந்ததா என்று காதை நம்பாமல் ஒரு ஹெக்ஸ் எடிட்டரில் (ஃபைலின் பைட்களை அப்படியே காட்டும் புரோகிராம்) திறந்து பாருங்கள். ஏயு ஹெடர், அதாவது ஃபைலின் தொடக்கக் குறிப்பு, குறைந்தது 24 பைட். முதல் நாலு பைட்டில் புள்ளி, எஸ், என், டி என்ற எழுத்துகள் இருக்கும். பூஜ்யத்தில் இருந்து எண்ணினால் 12-ஆம் பைட்டில் தொடங்கும் எண் 1 என்றால் மியூ-லா, 3 என்றால் 16 பிட். அடுத்த நாலு பைட் 00 00 1எஃப் 40 என்று இருந்தால் அதுதான் 8000. ஃபைல் அளவை வைத்தும் கண்டுபிடிக்கலாம், ஒரு நொடிக்கு 8,000 பைட், ஆக ஆறு நொடி ஒலி 48 கேபி-யை ஒட்டித்தான் வரும். ஒரு எம்பி-க்குப் பக்கத்தில் இருந்தால் பழைய தவறுதான்.

பழையபெட்டி:
3 என்றுதான் இருந்தது! மாற்றி எடுத்தேன், புரோகிராம் பேசிவிட்டது. இத்தனை வருடம் கழித்து அவர் 'அ' என்று சொல்வதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் 'ஸ' மட்டும் 'ஃப' மாதிரி கேட்கிறது, சத்தமும் குறைவு.

அலைவரிசை:
மிக்க மகிழ்ச்சி. 8,000 ஹெர்ட்ஸில் பதிந்தால் 4,000-க்கு மேல் எந்த ஒலியும் தங்காது, 'ஸ'வின் உயிரோ பெரும்பாலும் அதற்கு மேல்தான் இருக்கிறது. தொலைபேசியில் கேட்கும் அதே குழப்பம். 8,000-க்குக் குறைப்பதற்கு முன் 2,500-இல் இருந்து 3,500 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலியை லேசாகத் தூக்கிப் பாருங்கள், முழுக்கச் சரியாகாது என்றாலும் காதுக்குப் பிடிபடும். சத்தத்தையும் அதே கட்டத்தில் ஏற்றுங்கள், உச்சம் மைனஸ் 3 டெசிபல் போதும். மியூ-லா ஆன பிறகு ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும். நடுவில் எம்பி3 ஆக்கி வைத்துவிட்டு அதிலிருந்து எடுக்காதீர்கள், ஒவ்வொரு முறையும் மூல எஃப்எல்வி-யில் இருந்தே தொடங்குங்கள்.

ஒலிப்பித்தன்:
ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் இருக்கும் வெற்று மௌனத்தையும் வெட்டிவிடுங்கள், கால் நொடி இருந்தாலும் தொட்டதும் பேசாத மாதிரி தோன்றும். அப்புறம் அந்தக் குரலை முழுத் தரத்தில் வேவ் ஆகவும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். ஏயு இந்தப் புரோகிராமுக்கு மட்டும்தான்.

பழையபெட்டி:
'ஸ' இப்போது தெரிகிறது. வேவ் பிரதி இரண்டு இடத்தில் வைத்துவிட்டேன். இன்னும் பதினொரு எழுத்து பாக்கி, இன்றிரவே முடித்துவிடுவேன். நன்றி இருவருக்கும்.